பொம்மைக்கு எந்த பிரைமர்?

ஆவணி பிறந்துவிட்டால் பரணில் கிடக்கும் கொலுப் பெட்டி கீழே இறங்கும். திறந்து பார்த்தால் கிருஷ்ணருக்கு மூக்கில் வண்ணம் போயிருக்கும், செட்டியார் பொம்மைக்கு வேட்டிக்கரை உதிர்ந்திருக்கும். புது செட் விற்கிற விலைக்கு நாமே தீட்டிக்கொள்ளலாம் என்று, பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வருவோம். வாங்காமல் வருவது பிரைமர். அந்த அடிப்பூச்சைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுட்ட மண் தண்ணீர் குடிக்கும். அதன்மேல் நேரே அக்ரிலிக் வண்ணத்தை வைத்தால் ஈரத்தை மண் இழுத்துக்கொள்ளும். பிரஷ் ஓடாது, வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கும். மஞ்சள் பூசினால் அடியில் இருக்கும் செம்மண் நிறம் தெரிந்து மங்கலடிக்கும். இரண்டாம் கோட், மூன்றாம் கோட் என்று அடித்துக்கொண்டே போவோம். அதாவது, பிரைமருக்கு மிச்சம் பிடித்த காசை வண்ணத்தில் விடுகிறோம். சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கஞ்சி போடாத பாவு தறியில் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்துக் கைவினைஞர்கள் அடிப்பூச்சு இல்லாமல் வேலை செய்வது அபூர்வம். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சாக்பவுடரும் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் படம் வரைவார்கள். ஆந்திராவில் கொண்டபள்ளி என்று ஓர் ஊர். அங்கே மரப்பொம்மையின் கை, கால், தலையை மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, காய்ந்ததும் வண்ணம் தீட்டுகிறார்கள். புளியங்கொட்டைக்கும் சுண்ணாம்புக்கும் நமக்கென்ன பஞ்சமா? விதிவிலக்கு என்றால் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான். கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடிப்பூச்சு தேவையில்லை.

சரி, நாம் என்ன வாங்குவது? மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை மூன்றுக்கும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுவர் பிரைமரே போதும். ‘வாட்டர் பேஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். சுவருக்கென்று செய்த சரக்கு என்பதால் கெட்டியாக இருக்கும். பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். ஒரே தடவையில் அப்பினால் கண்ணிமையும் விரலிடுக்கும் அடைபட்டுப்போகும். முகமே மொழுமொழுவென்று ஆகிவிடும். காய்ந்ததும் நைசான உப்புத்தாளால் ஒரு தடவு, அவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சாண் உயரப் பொம்மைக்கு இரண்டு கோட்டும் சேர்த்து 15 மில்லி தாண்டாது. ஒரு லிட்டர் டப்பாவில் அறுபது பொம்மைக்கு மேல் பூசலாம். உங்களிடம் இருப்பதோ ஐந்து பொம்மை. மீதி டப்பாவிலேயே காய்ந்து கட்டிதட்டும். ஆகவே லிட்டர் விலை பார்த்து ‘மலிவு’ என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்து பொம்மைக்காரருக்கு, ஓவியப் பொருள் கடையில் கெஸ்ஸோ என்று விற்கிறார்களே, அந்தச் சின்னப் பாட்டில் மில்லிக்கு விலை கூடினாலும் மொத்தத்தில் லாபமாக இருக்கலாம்.

அதைவிட மலிவு வீட்டிலேயே கலப்பது. ஒரு பங்கு ஃபெவிகால், இரண்டு பங்கு சாக்பவுடர், பூசும் பதம் வரும்வரை தண்ணீர். காய்ந்தபின் விரலால் தேயுங்கள். வெள்ளை ஒட்டினால் பசை போதவில்லை. பளபளவென்று தோல் போலத் தெரிந்தால் பசை அதிகம், வண்ணம் பிடிக்காது. சாக்பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கலந்துவிடாதீர்கள், கிண்ணத்திலேயே இறுகிவிடும். என்னைக் கேட்டால், மண் பொம்மைக்கு இந்தக் கலவையை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஈரம் பட்டால் இளகும்; வாசலில் வைக்கிற பொம்மைக்கு உதவாது.

மரத்துக்கு வுட் பிரைமர். இரும்புக்கு ரெட் ஆக்சைடு. அது இரும்புக்கு மட்டும். பிளாஸ்டிக் பொம்மையில் சுவர் பிரைமர் பூசினால் தோல் தோலாக உரியும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கு என்று எழுதியிருக்கும் ஸ்பிரே பிரைமர்தான் அடிக்க வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்க வழியில்லை. நம் ஊரில் ஸ்பிரேக்கு ஒரு எதிரி உண்டு: காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆவணியிலும் அடங்குவதில்லை. தெளிக்கும் துளி பொம்மையைத் தொடுமுன்பே காய்ந்து, மணல் ஒட்டினாற்போல் சொரசொரப்பாகிவிடும். காற்று எழும்புமுன் விடிகாலையில், திறந்த தாழ்வாரத்தில், சுவர் மறைவாக நின்று அடியுங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சுரூபம் தீட்டுகிறவர்களுக்கு வேறு தொல்லை. அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு நாளாவது விடுங்கள்.

பழைய பொம்மையைச் சுரண்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தீட்டிய பொம்மையை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். புது டப்பா வாங்கும்போதும் ஈயத்தைப் பற்றி லேபிளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லிட்டர் டப்பாதான் வாங்குவது என்றால் தெருவில் கொலு வைக்கிற நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்குங்கள். வடிகட்டித் தண்ணீர் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். திரும்ப டப்பாவில் ஊற்றினால் உள்ளே இருப்பதும் கெடும்.