வெல்லஸ்லி வீதி அண்ணை

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையிலை பொன்னாடைக்குள்ளை வேர்த்துக்கொண்டிருக்கிற பெரியவர்களே, பின்வரிசையிலை இன்னும் கோட்டுக் கழட்டாமல் இருக்கிற என்ரை சனங்களே!

"புலம்பெயர் தமிழரின் சாதனைகள்" எண்டு தலைப்புத் தந்திருக்கினம். எனக்கு முன்னம் ஆறு பேர் சாதிச்சு முடிச்சிட்டினம். 2016இலை ஒட்டாவா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாய் ஏற்ற கதையும் வந்தது. கை தட்டினீங்கள், நானும் தட்டினனான். அதுக்கு முப்பது வருசத்துக்கு முந்தி, 1986 ஆகஸ்டிலை, நியூபவுண்ட்லாந்துக் கடலிலை ரெண்டு உயிர்காப்புப் படகுக்குள்ளை 155 தமிழர் அடைஞ்சு கிடந்ததை ஒருத்தரும் சொல்லேல்லை. கஸ் டால்ட்டன் எண்ட மீன்பிடிக் கப்டன் கண்டு தூக்கினார். அந்த மனுசனுக்கு ஒருக்கால் தட்டுங்கோ!

சரி. கரை ஏத்தியாச்சு. அடுத்த நாள் காலமை பஸ் ஏறக் காட்டித் தந்தது ஆர்? சங்கமோ? சிரிக்காதேங்கோ.

எங்களுக்கு ஒரு அண்ணை. ரொறன்ரோ வெல்லஸ்லி வீதியிலை ரெண்டு அறை வீடு, ஒன்பது பேர் படுக்கை. பேர் சொல்லமாட்டன், சொன்னால் என்னோடை கதைக்கமாட்டார். இரவிரவாய்க் கோப்பை கழுவிப்போட்டு விடிய வருவார். வந்த கையோடை, புதுசாய் வந்தவனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவார். ஏறின உடனை டிரான்ஸ்ஃபர் துண்டு கேட்டு வாங்கு, துலைச்சியோ மற்ற பஸ்ஸுக்கும் காசு. குளிருக்குத் தடிப்பாய் ஒரு உடுப்புப் போடாதை, மெல்லிசாய் மூண்டு போடு. "வெயிலைப் பாத்து ஏமாறாதை தம்பி, இஞ்சத்தை வெயில் வெறும் வெளிச்சம்." இதை எந்தப் புத்தகத்திலை படிப்பியள்?

பேர்க் கதை தெரியுமோ? எங்களுக்கு ஏது குடும்பப் பேர்? படிவத்திலை அப்பான்ரை பேரை எழுதினன். அண்டையிலிருந்து தொழிற்சாலையிலை ஃபோர்மன் கூப்பிடுறது அப்பாவை. நான் பிந்தி வந்தால் அப்பாவுக்கு ஏச்சு. பெட்டி விழுந்தால் அப்பாவுக்கு ஏச்சு. மனுசன் ஊரிலை மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறார்! பிறகு மனுசி வந்தா. ஆஸ்பத்திரியிலை அப்பான்ரை பேருக்கு முன்னாலை "மிஸஸ்" போட்டுக் கூப்பிட்டாங்கள். எழும்பேல்லை. எழும்புவாவோ? மாமியாரையல்லோ கூப்பிடுறாங்கள்!

தட்டுங்கோ, தட்டுங்கோ, கையாவது சூடாகட்டும்.

ஒருநாள் வீட்டுக்குள்ளை தூள் வறுத்தம். செத்தல் மிளகாய். அலாரம் அடிச்சுது. கோடரியோடை ஓடி வந்த தீயணைப்புக்காரர் எங்களோடை சேர்ந்து இருமினாங்கள். கட்டடத்துச் சனம் முழுக்கப் பனிக்குள்ளை. ஒவ்வொருத்தரிட்டையும் போய் "சொறி, சொறி" சொன்னது ஆர்? அண்ணை. அண்டைக்குத் தூள் வறுத்தது ஆர்? நான்.

ஒன்பது பேருக்கு ஒரு கக்கூஸ். பிளவு வரேல்லை! இப்ப பாருங்கோ, ஒரு ஊருக்கு மூண்டு சங்கம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு இராப்போசனம், ஒரே சனிக்கிழமை, ஒரே வீதி! நான் ஆரையும் சொல்லேல்லை, அந்த மேசை ஏன் தலையைக் குனியுது? கணக்குக் கேட்டவரை நீக்கினியள். நீங்கினவர் போய் வேறை சங்கம் தொடங்கினார். அவரிட்டையும் இப்ப ஒருத்தர் கணக்குக் கேக்கிறாராம்! எனக்கு எல்லாரும் அழைப்பிதழ் அனுப்பினம். எல்லாத்துக்கும் போறனான். கொத்துரொட்டி ஒரே கடையிலையிருந்துதான் வருது!

எங்கை விட்டனான்? அண்ணை. அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்துங்கோ எண்டு மூண்டு வருசமாய்க் கேக்கிறன். நிதி தந்தவையின்ரை பட்டியல் இன்னும் முடியேல்லையாம். கழுவின கோப்பையை எண்ணினால் அவர் தந்த நிதி தெரியும், எண்ண ஆள் வேணுமே!

மணி அடிக்கிறியள், தம்பி. விளங்குது. முடிக்கிறன்.

அவர் இப்ப ஸ்காபரோவிலை ஒரு முதியோர் இல்லத்திலை. எனக்கு நீங்கள் போர்த்தின இந்தப் பொன்னாடையை நாளைக்கு அங்கை கொண்டுபோகப் போறன். வாங்கமாட்டார், தெரியும். ரெண்டு விரலாலை தடவிப் பாத்திட்டு, "உது குளிருக்குத் தாங்காது, உள்ளுக்கு என்ன போட்டிருக்கிறாய்?" எண்டுதான் கேப்பார்.