படிவத்தில் அடங்காத வாழ்க்கை

(பிறம்ரன் நகரில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கனடாவுக்கு அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலருக்குத் தம் வாழ்க்கை குறித்து எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதனை அவர்கள் விரும்பி எழுதவில்லை. 2012 வரை குடிவரவு அகதிகள் சபையிடம் தஞ்சம் கோரியோர் 'தனிப்பட்ட தகவல் படிவம்' ஒன்றை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழர் அதனைக் 'கேஸ் எழுதுதல்' என்றனர்.

ஏன் நாட்டை விட்டு வெளியேறினீர், திரும்பிச் சென்றால் என்ன நேரும் என்பதே அப்படிவத்தின் அக்கறை. துலா மிதித்துப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தது எப்படி, எந்தக் காற்றில் எந்த வலையை எடுத்துக் கடலுக்குப் போவது என்பன அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு மனிதரின் அச்சம் பதிவாயிற்று. அவரது கைத்திறன் பதிவாகவில்லை.

கனடா வாழ்விலும் அதுவே நிகழ்ந்தது. 1986 ஓகஸ்ட் மாதத்தில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மீட்கப்பட்டனர். அந்தப் படகுகள் செய்தியாயின, வரலாறாயின. ஆனால் அக்காலத்தில் வந்து சேர்ந்த தலைமுறை, பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செய்த வேலை எங்கே எழுதப்பட்டுள்ளது? உணவகங்களில் கோப்பை கழுவியோர், விடியுமுன் பனியில் நடந்து வீடுவீடாகப் பேப்பர் போட்டோர், ஏஜென்சி அழைக்கும் நாளில் மட்டும் தொழிற்சாலைக்குச் சென்றோர், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தோர், பகிர்ந்து வாழ்ந்த பேஸ்மென்டில் சீட்டுப் பிடித்துத் தங்கையின் பயணத்துக்குப் பணம் சேர்த்தோர் என அவ்வரிசை நீளும். 'எல்லாரும் செய்த வேலைதானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது?' என்பதே அவர்களிற் பலரின் மறுமொழி. எல்லோரும் செய்ததனாலேயே அது ஒரு சமூகத்தின் வரலாறாகின்றது.

பிற சமூகத்தினர் இதனை முன்னரே உணர்ந்தனர். 1976 இல் வரலாற்றாசிரியர் றொபேட் ஹார்னி முன்னின்று நிறுவிய ஒன்ராறியோ பல்பண்பாட்டு வரலாற்றுச் சங்கம், குடியேறிய சாதாரண மக்களிடம் சென்று அவர்களின் வாய்மொழிகளை ஒலிநாடாக்களில் சேகரித்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. நூல்களைக் காக்கும் முயற்சியாக 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், காலப்போக்கில் வாய்மொழி வரலாறுகளையும் ஒளிப்படங்களையும் கைவினைஞரின் தொழில் முறைகளையும் ஆவணப்படுத்தத் தொடங்கியது. எரிந்த நூலுக்கு வேறொரு பிரதி எங்கேனும் கிடைக்கக்கூடும். ஒருவரும் கேட்காமற் போன நினைவுக்குப் பிரதி இல்லை.

பிறம்ரனுக்கும் இது புதிதன்று. 1863 இல் எட்வேட் டேல் தொடங்கிய பூந்தோட்டத் தொழிலே இந்நகருக்குப் 'பூக்களின் நகர்' என்ற பெயரைத் தேடிக் கொடுத்தது. அந்நிறுவனம் இன்று இல்லை. அதன் நினைவு கடிதங்களிலும் ஒளிப்படங்களிலும் வாழ்கின்றது. இன்று இந்நகரின் களஞ்சியங்களிலும் பாரவூர்திகளிலும் உழைக்கும் தமிழரின் நினைவும் அவ்வாறே பேணப்பட வேண்டும்.

இளையோர்களே, இதற்குப் பெரும் கருவி தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். 'எவ்வளவு துன்பப்பட்டீர்கள்?' என்று கேட்டால், படிவத்துக்குச் சொன்ன பதிலே மீண்டும் வரும். முதல் வேலைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தப் பேருந்தில் சென்றீர்கள், சாப்பாட்டுக்கு என்ன கட்டிச் சென்றீர்கள், மணிக்கு எவ்வளவு சம்பளம், வேலை பழக்கியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் தமது ஊர்ப்பேச்சிலேயே சொல்லட்டும், திருத்த வேண்டாம். உங்கள் தமிழ் தடுமாறினாலும் தமிழிலேயே கேளுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சொல்பவரின் சம்மதமின்றி எதுவும் வெளியே செல்லக்கூடாது. ஊரில் உள்ள உறவினரின் பெயரோ, பயணம் வந்த வழியோ இன்றும் ஒருவருக்குத் தீங்காகலாம். சில பதிவுகள் வீட்டிலேயே பூட்டி வைக்கப்பட வேண்டியவை, அவையும் பதிவுகளே. சொல்ல விரும்பாதவரின் மௌனமும் மதிக்கப்பட வேண்டும்.

பெற்றோர்களே, வெற்றிக் கதைகளை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். வேலை இழந்த மாரிகாலம், கைநழுவிய படிப்பு, ஊரில் ஆசிரியராயிருந்தவர் இங்கே பெட்டி தூக்கிய நாள் ஆகியவையும் அவர்களுக்கு உரியவை. அவற்றை அறியாத பிள்ளை, தான் வாழும் வீடு எவ்வாறு எழுந்தது என்பதை அறியாதே வளர்கின்றது.

எண்பதுகளில் இளைஞராக வந்தோர் இன்று முதுமையை எட்டிவிட்டனர். மரண அறிவித்தல்களில் பிறந்த ஊரும் வாழ்ந்த நகரும் அச்சாகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே இருந்த உழைப்பை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். இந்த வார இறுதியில் ஒரு மணிநேரம் அதற்கென ஒதுக்கப்படட்டும்.