மாடியில ஒரு சோலார் டிரையர்: மூணு கிலோ தக்காளி எங்க போச்சு?

மாடியில சோலார் டிரையர் செய்யப் போறேன்னு போன எபிசோட்ல பெருசா பேசிட்டுப் போனேன்ல? செஞ்சேன். மூணு கிலோ தக்காளி பூசணம் பிடிச்சுப் போச்சு.

தக்காளி மலிவா கிடைச்ச வாரம் அது. பழைய பிளைவுட்ல ஒரு பெட்டி, உள்ள கறுப்பு பெயின்ட், மேல கண்ணாடி. சூடு வெளிய போயிடக்கூடாதுன்னு இடுக்கு எல்லாத்தையும் டேப் போட்டு அடைச்சேன். மதியம் தெர்மாமீட்டர் 70 டிகிரி காட்டுச்சு, எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் பார்த்தா கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. மறுநாள் காலையில வெள்ளைப் பூசணம்.

எங்க ஆயா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏன் கண்ணு, காத்தே வராத இடத்துல துணி காயுமா?"

அதாங்க விஷயம். தக்காளியில நூத்துக்கு 94 பங்கு தண்ணி. மூணு கிலோன்னா கிட்டத்தட்ட 2.8 லிட்டர் தண்ணி வெளிய போகணும். போக வழியே இல்லன்னா அது காயுறது இல்ல, வேகுறது. சூட்டோட வேலை என்னன்னா, காத்துக்கு தாகம் உண்டாக்குறது. சென்னையில 30 டிகிரியில ஈரப்பதம் 80 சதவீதம்னு வெச்சுக்கங்க. அதே காத்தை 50 டிகிரிக்கு சூடாக்கினா, ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்கிடும். அந்தக் காத்துதான் தக்காளியில இருந்து தண்ணிய உறிஞ்சும். உறிஞ்சின காத்து வெளிய போய், புதுக் காத்து உள்ள வரணும்.

அதனால பெட்டிய ரெண்டாப் பிரிச்சேன். கீழ, தெற்கு பார்த்து சாய்ச்ச நாலடி நீளத் தட்டு. கறுப்பு பெயின்ட்டும் கண்ணாடியும் அதுக்கு மட்டும். அதோட அடி முனையில காத்து நுழைய வழி. சூடான காத்து மேல ஏறி, தட்டுகள் அடுக்கின மூடின அலமாரிக்குள்ள போகும், உச்சியில இருக்கிற திறப்பு வழியா வெளியேறும். ரெண்டு வாய்க்கும் கொசு வலை. பெயின்ட் வாடை போறதுக்கே மூணு நாள் காலியா வெயில்ல கிடந்துச்சு. தட்டுக்கு ஜி.ஐ. வலை வேண்டாம், தக்காளிப் புளிப்பு அதோட துத்தநாகத்தை அரிச்சிடும். எவர்சில்வர் வலைதான் போட்டேன்.

இப்போ உள்ள 55 டிகிரிதான். கால் இன்ச் துண்டு ரெண்டு நாள்ல காயுது. ராத்திரி மட்டும் எடுத்து டப்பாவுல மூடி வெச்சிடணும், இல்லன்னா திரும்ப ஈரத்தை இழுத்துக்கும்.

காஞ்சதும் நேரா ஸ்டோர் பண்ணாதீங்க. கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி போட்டு, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்க. பாட்டில் வேர்த்துச்சுன்னா திரும்ப வெயிலுக்கு. எனக்கு நாலு பாட்டில்ல ஒண்ணு வேர்த்துச்சு.

கருவாடு போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தப் பெட்டிய நம்பி மீன், கறி வேண்டாம். கருவாட்டுக்கு உப்புதான் முதல் வேலை, வெயில் அப்புறம்தான். அதை அடுத்த வாரம் பேசுவோம்.