முடிச்சைத் தீர்மானிப்பது யார்? – பயறுச்செடியின் மரபணுக்களும் வேர்முடிச்சு நுண்ணுயிரியும்



நெல் நடுவதற்கு முன் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழும் வழக்கம் நம் உழவர்களிடம் உண்டு. பயறு எடுத்த நிலம் அடுத்த போகத்துக்குத் தெம்பாக இருக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அது ஏன் என்பதை அறிவியல் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் லாஸ், கில்பர்ட், பியூ ஆகிய மூவரும் 1857, 1858 ஆண்டுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மண்ணை நன்றாகச் சுட்டு, வேறெந்த வழியிலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நுழையாதபடி காத்தார்கள். பயறுச்செடியும் காற்றிலுள்ள நைட்ரஜனை எடுப்பதில்லை என்று முடிவு வந்தது. அளவீட்டில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மண்ணைச் சுட்டபோது, தேடிய விடையையும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள்.

1886இல் பெர்லினில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்ரீகல் அந்த விடையை வைத்தார். அவரும் வில்ஃபார்த்தும் ஓட்ஸையும் பட்டாணியையும் மணலில் வளர்த்திருந்தார்கள். நைட்ரேட் எவ்வளவு கொடுத்தார்களோ அவ்வளவுக்கு ஓட்ஸ் வளர்ந்தது. பட்டாணி அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ஒரு சட்டியில் வாடியது, பக்கத்துச் சட்டியில் தளதளவென்று நின்றது. தளதளவென்று நின்ற செடியின் வேரில் முடிச்சுகள் இருந்தன. சூடேற்றித் தூய்மையாக்கிய மணலில் முடிச்சு வரவில்லை. வயல்மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1888இல், நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியத்தைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ரைசோபியம் என்று பாக்கெட்டில் அடைத்து இன்று நாம் வாங்குவது அந்த இனத்தைத்தான்.

இந்த வரலாற்றைச் சொன்னதும் பாராட்டெல்லாம் பாக்டீரியத்துக்கே போய்விடுகிறது. நான் இன்று செடியின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். யாரை உள்ளே விடுவது, எத்தனை முடிச்சு போடுவது, வேலை செய்யாதவரை என்ன செய்வது என்ற மூன்றிலும் செடியின் மரபணுக்களுக்குப் பெரும் அதிகாரம் இருக்கிறது. பயிர்ப்பெருக்கம் செய்யும் நாம் அந்த மரபணுக்களைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே என் வழக்கு.

செடிக்கு அவ்வளவு கண்டிப்பு எதற்கு? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் தொடங்கிய ஹேபர்–போஷ் ஆலைக்கு, அந்தப் பிணைப்பை உடைக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் தேவைப்பட்டன. முடிச்சுக்குள் நைட்ரஜனேஸ் நொதி அதை மண்ணின் வெப்பத்திலேயே செய்கிறது. ஆனாலும் சும்மா செய்வதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அதற்கான சர்க்கரை முழுவதும் இலை சமைத்துக் கீழே அனுப்பியது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். அதனால் ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து அளந்து கொடுக்க லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தையும் செடியே தயாரிக்கிறது. அது நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவு என்பதை ஜப்பானின் குபோ 1939இல் காட்டினார். இத்தனை செலவு வைக்கும் உறவில் செடி கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது.

முதலில் நுழைவு. வேர் ஃபிளேவனாய்டு என்னும் சேர்மங்களைக் கசியவிடுகிறது. குதிரைமசாலில் அது லூட்டியோலின் என்று 1986இல் தெரிந்தது. அதை உணர்ந்த பாக்டீரியம் தன் பங்குக்கு ஒரு மூலக்கூறை வெளியிடுகிறது. நாட் காரணி எனப்படும் அதன் அமைப்பை பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டார்கள். அந்த அமைப்பைப் பார்த்தவர்களுக்கு வியப்பு. அதன் முதுகெலும்பு கைட்டின் துண்டு. பூஞ்சைகளின் செல்சுவர் கைட்டினால் ஆனது. அது தென்பட்டால் நோய் வந்துவிட்டது என்று எதிர்ப்பைத் தொடங்குவது செடியின் பழைய பழக்கம். நண்பனும் எதிரியின் சாயலில்தான் வந்து நிற்கிறான். அவனைப் பிரித்தறியும் என்.எஃப்.ஆர்.1, என்.எஃப்.ஆர்.5 ஆகிய ஏற்பிகளை, லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்ற சிறு பயறினச் செடியில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் 2003இல் கண்டறிந்தார்கள். கைட்டினை அறியும் எதிர்ப்பு ஏற்பிகளுக்கு இவை நெருங்கிய சொந்தம்.

இந்தத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ஆப்கானிஸ்தான் என்ற பெயருள்ள ஒரு பட்டாணி வகை. ஐரோப்பிய மண்ணிலுள்ள ரைசோபியங்களோடு அது முடிச்சு போடுவதில்லை. துருக்கி மண்ணிலிருந்து எடுத்த டாம் என்ற பாக்டீரிய வகையைச் சேர்த்தால் போடுகிறது. கலப்பினம் செய்து பார்த்ததில் அந்த மறுப்பு பட்டாணியின் சிம்2 என்ற மரபிடத்தில் இருப்பது தெரிந்தது. டாம் வகையிடம் கூடுதலாக இருந்தது நாட்எக்ஸ் என்ற ஒரே மரபணு. அது நாட் காரணியின் ஒரு முனைச் சர்க்கரையில் ஒரு அசிட்டைல் தொகுதியை ஒட்டுகிறது. வேறொன்றும் இல்லை. செடியின் பக்கம் ஒரு மரபிடம், பாக்டீரியத்தின் பக்கம் ஒருசில அணுக்கள்; முடிச்சு வருவதும் வராததும் அதில் முடிந்துவிடுகிறது. மெண்டல் பாரம்பரிய விதிகளைக் கண்டதும் பட்டாணியில்தான் என்பதால், மரபியல் மாணவர்கள் இந்தச் செடியை இன்னொருமுறை வணங்கலாம்.

அடுத்தது எண்ணிக்கை. 1985இல் கான்பெராவில் கிரெஷாஃபும் உடன் ஆய்வு செய்தவர்களும் பிராக் என்ற சோயா ரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டி, அளவுக்கு மீறி முடிச்சு போடும் செடிகளைப் பெற்றார்கள். வழக்கமாக முடிச்சைத் தடுக்கும் நைட்ரேட்டைக் கொடுத்தாலும் அவை நிறுத்தவில்லை. முடிச்சு கூடினால் விளைச்சல் கூடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் செடி குன்றியது. இலை சமைத்ததையெல்லாம் வேர் விழுங்கிவிட்டது. ஒட்டுக்கட்டிப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது: தண்டு எந்தச் செடியுடையதோ, அதன்படிதான் முடிச்சின் எண்ணிக்கை. வேரில் நடப்பதை இலை கணக்குப் பார்த்து, போதும் என்று தகவல் அனுப்புகிறது. அதைச் செய்யும் நார்க் மரபணுவும் 2003இல் அடையாளம் காணப்பட்டது.

மூன்றாவது, தண்டனை. அதே 2003இல் டோபி கியர்ஸும் ஃபோர்ட் டெனிசனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சோயா வேரின் ஒரு பகுதியைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் நிரப்பினார்கள். அங்கிருந்த பாக்டீரியங்கள் விரும்பினாலும் வேலை செய்ய வழியில்லை. செடி இதைச் சும்மா விடவில்லை. அந்த முடிச்சுகளில் பாக்டீரியப் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உழைக்காதவருக்குப் படியளக்க வேண்டாம் என்ற முடிவு செடியின் உடலிலேயே இருக்கிறது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். கியர்ஸ் குழு 2007இல், அறுபது ஆண்டுப் பயிர்ப்பெருக்கத்தைக் காட்டும் ஆறு சோயா ரகங்களை எடுத்து, நன்றாக வேலை செய்யும் பாக்டீரியத்தையும் செய்யாததையும் கலந்து கொடுத்துப் பார்த்தது. பழைய ரகங்களே சமாளித்தன, புதியவை பின்தங்கின. நாம் காயையும் மணியையும் பார்த்து ரகம் தேர்ந்தபோது, வேருக்குள் இருந்த அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். இயற்கையிலும் இப்படி நேர்ந்திருக்கிறது. பல செடியினங்களின் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வுகள், முடிச்சு போடும் திறன் பல கிளைகளில் தொலைந்துபோனதைக் காட்டின. அந்தக் கிளைகளில் பெரும்பாலானவற்றில் நின் என்ற முதன்மை மரபணு சிதைந்தோ காணாமலோ போயிருந்தது. பயன்படுத்தாத திறனை மரபு காத்துக்கொண்டிராது.

நெல்லிலும் கோதுமையிலும் முடிச்சு வரவைக்கும் முயற்சி உலகின் பெரிய ஆய்வகங்களில் நடக்கிறது. அது வெல்ல வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அதற்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு. ஏற்கெனவே முடிச்சு போடும் உளுந்தையும் துவரையையும் கொள்ளையும் கவனிக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. லோட்டஸில் கண்டதை அப்படியே நம் பயிருக்குப் பொருத்தவும் முடியாது. நிலக்கடலையில் பாக்டீரியம் வேர்த்தூவி வழியே நுழைவதில்லை. பக்கவேர் வெளிவரும் இடத்து வெடிப்பில் நுழைகிறது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவின் இக்ரிசாட் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தில், முடிச்சே போடாத நிலக்கடலை வகைகள் கலப்பினச் சந்ததிகளில் வெளிப்பட்டன. தழைச்சத்து இல்லாமல் வெளிறி நின்ற அந்தச் செடிகளைக் களையென்று பிடுங்கி எறியாமல் காத்ததால்தான் அந்த மரபணுக்களைத் தேட வழி பிறந்தது. நம் மண்ணின் பயிருக்கு நம் வயலில்தான் ஆய்வு நடக்க வேண்டும்.

பாசன உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து அடியுரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முடிச்சு வேலை தொடங்கும்வரை செடிக்கு அது கைகொடுக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரகம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு திடலிலும் தழைச்சத்து போடாத ஒரு பாத்தியேனும் இருக்க வேண்டும். அங்கே எந்தச் செடி தன் காலில் நிற்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பழைய நாட்டு ரகங்களின் விதையும் அந்தப் பாத்தியில் இடம்பெற வேண்டும்.

மாணவ நண்பர்களே, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்து நிழலில் உலர்த்தச் சொல்லித்தரும்போது, உழவரிடம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிர் பூக்கும் சமயத்தில் நாலைந்து செடிகளைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுக்க வேண்டும்; பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. எந்த ரகத்தில், எந்த மண்ணில், எத்தனை முடிச்சு சிவந்திருந்தது என்பதை ஊர்ப்பெயரோடும் தேதியோடும் எழுதி, உங்கள் துறைக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.