ஆட்களிலிருந்து தொடங்குங்கள்



நான் ஓவியர் அல்ல. உழைக்கும் மக்கள் ஓவியங்களில் எப்படி இடம்பெறுகிறார்கள் என்று ஆய்வு செய்துவருகிறேன். ஓவியம் பழகும் உங்களிடம் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'அறுவடைக்காரர்கள்'. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் துல்லியமான படத்தை அருங்காட்சியகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். இறக்கிக்கொண்டு, கட்டம் போட்டு, பார்த்து வரையலாம்.

எங்கிருந்து தொடங்குவது? நிலக்காட்சி கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் வானம், தொலைவு, மரம் என்று வருவார்கள். ஆட்கள் கடைசியில். அதுவும் மரம் எவ்வளவு உயரம் என்று காட்டும் அளவுகோலாக. 17ஆம் நூற்றாண்டின் குளோட் லொரேன், "நிலக்காட்சியைத்தான் விற்கிறேன், ஆட்களைச் சும்மா தருகிறேன்" என்று சொல்வாராம். வேடிக்கைப் பேச்சுதான். ஆனாலும் அந்தச் 'சும்மா' எனக்கு உறுத்துகிறது.

புரூகலின் படத்தில் அப்படிச் செய்யவே முடியாது. கோதுமை மஞ்சள் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவர் எங்கே முடிகிறது? அரிவாள் வந்து நின்ற இடத்தில். கதிர்களுக்கு நடுவே போகும் பாதை ஏன் அங்கே இருக்கிறது? அறுத்தவர்கள் திறந்த வழி அது. ஆட்களை விட்டுவிட்டு வயலை மட்டும் படியெடுத்தால் கோடுகள் சரியாக இருக்கும். அவை ஏன் அப்படி வளைகின்றன என்பது கைக்குப் புரியாது. அதனால்தான் ஆட்களிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

அறுப்பவரை வரையும்போது முகத்தைத் தேடாதீர்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். நீண்ட பிடியுள்ள அரிவாளை வீசும்போது முதுகு எப்படித் திரும்புகிறது, குனிந்து கதிர் கட்டும் பெண்ணின் இடுப்பு எங்கே மடிகிறது என்று பாருங்கள். மரத்தடியில் ஒருவர் காலை அகட்டிப் போட்டுத் தூங்குகிறார். அவரைச் சோம்பேறி என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் கால்களை ஒருமுறை வரைந்து பாருங்கள். காலையிலிருந்து வேலை செய்த கால்கள் அவை.

இன்னொன்று. ஓவியரை 'அவர்' என்றும், படத்தில் அறுப்பவரை 'அவன்' என்றும் எழுதுவது தமிழில் கைப்பழக்கமாகவே இருக்கிறது. நான் எல்லோரையும் 'அவர்' என்றுதான் சொல்வேன்.

புரூகலைத் தோழர் ஆக்கிவிடவும் வேண்டாம். அவர் நகரத்து மனிதர். இந்தப் படத்தை வாங்கியவர் ஆண்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க். 1566இல் ஒருவருடைய கடனுக்குப் பிணையாக நகர நிர்வாகத்திடம் அவர் எழுதிக்கொடுத்த சொத்தில் புரூகலின் 16 படங்கள் இருந்தன. புரூகல் குடியானவர் உடையணிந்து, மணமக்களின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு கிராமத்துத் திருமணங்களுக்குப் போவார் என்று 1604இல் காரெல் வான் மாண்டர் எழுதினார். கதை உண்மையா என்பது வேறு. வேடிக்கை பார்க்க வந்தவரின் கண்ணும் இந்தப் படங்களில் உண்டு என்றே நான் நினைக்கிறேன். படியெடுக்கும்போது அந்தக் கண்ணும் உங்கள் கைக்கு வரும். முகம் கேலியாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, அந்தக் கேலியை எந்தக் கோடு உண்டாக்குகிறது என்று பாருங்கள்.

புரூகல் 1569இல் இறந்தபோது அவர் மூத்த மகனுக்கு வயது ஐந்து இருக்கும். அந்த மகன் பின்னாளில் தந்தையின் படங்களைப் படியெடுத்தே ஒரு பட்டறை நடத்தினார். கோடுகள்மேல் துளை குத்திய தாளை வைத்துக் கரித்தூள் தட்டி உருவங்களை இறக்கினார்கள். படியெடுப்பது திருட்டு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, படத்தின் இடது ஓரம். கோதுமைக்கு நடுவே ஒருவர் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு மேலேறி வருகிறார். பாதி உடல் கதிருக்குள் மறைந்திருக்கிறது. அவசரத்தில் பலர் அவரை விட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.