அறங்கூறவையில் தாய்க்கும் இளையோர்க்கும் இருக்கை



பாண்டியன் அவையில் கண்ணகி தனியொருத்தியாய் நின்று முறை கேட்டாள். அவள் வாய் திறந்திராவிடில் கோவலன் கள்வனென்னும் பழியோடே மறைந்திருப்பான். போர் ஓய்ந்த நாடுகளிலும் நிலை இதுவே. துன்புற்றோர் பேசாவிடத்து உண்மை புதைந்துபோம்.

உருவாண்டாவில் 1994-இல் ஏறத்தாழ 8 இலக்கம் மக்கள் கொன்று குவிக்கப்பெற்றனர். தாபா வட்டாரத் தலைவனாயிருந்த அக்காயேசுவை அரூசா நகரில் அமைந்த அனைத்துநாட்டு முறைமன்றம் உசாவியது. அவன்மேற் சாற்றிய முதற் குற்றப்பட்டியலில் பெண்கள் மீதான வல்லுறவு இடம்பெறவே இல்லை! 1997-இல் சான்று கூற வந்த பெண்களே அக்கொடுமையை அவையில் எடுத்துரைத்தனர். ஆங்கமர்ந்த நடுவர் மூவருள் ஒருவரே பெண். அவர் தென்னாப்பிரிக்கத் தர்பனில் தமிழ்க் குடியிற் பிறந்த நவநீதம் பிள்ளை. அச்சொற்களை நழுவவிடாது அவர் வினவினார். அவ்வாண்டே குற்றப்பட்டியல் திருத்தப்பெற்றது. வல்லுறவும் இனக்கொலைச் செயலாகும் என 1998-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. அனைத்துநாட்டு முறைமன்றமொன்று அவ்வாறு தீர்ப்பளித்தது அதுவே முதன்முறை. கூண்டிலும் பெண்ணில்லை, இருக்கையிலும் பெண்ணில்லை என்றால் அத்தீர்ப்பு ஏது?

இளையோர் செய்தியும் அத்தகையதே. சியெரா இலியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போரில் சிறுவர் கையிற் படைக்கலம் திணிக்கப்பெற்றது. 15 அகவை நிரம்பியோரை உசாவத் தனி முறைமன்றத்திற்கு உரிமை இருந்தது. ஆயினும் வழக்குத் தொடுப்பாளர் சிறுவரைக் கூண்டிலேற்ற மறுத்தார். அவரைப் படையிற் சேர்த்தோரையே ஏற்றினார். உண்மை ஒப்புரவு ஆணையமோ சிறுவரிடம் மறைவாகச் சான்று கேட்டது; 2004-இல் சிறுவர் துணைகொண்டே சிறுவர்க்கெனத் தனியறிக்கையும் வெளியிட்டது.

ஆகவே, பெண்டிரையும் இளையோரையும் இரக்கத்திற்காக ஓரத்தில் அமர்த்துவது முறையாகாது. சான்று கூறவும், வினா எழுப்பவும், தீர்ப்பெழுதவும், இழப்பீடு இன்னதென வரையறுக்கவும் அவர்க்கு இடம் வேண்டும். சான்று கூறியபின் அச்சமின்றி ஊர் திரும்பக் காப்பும் வேண்டும்.

ஈழத்தில் காணாமலாக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்தி, 2017 முதல் தாய்மார் தெருவோரம் அமர்ந்தனர். விடை கேளாமலே பலர் கண்மூடினர். அவர்தம் வினாவை இனி ஏந்தவேண்டியோர் பேரப்பிள்ளைகளே. அவ்விரு தலைமுறைக்கும் இருக்கையிடாத எந்த அவையும் அறங்கூறும் அவையாகாது!