அஞ்சாவது காலைப் பாத்துட்டு பேர் சொல்லுங்க

நாமக்கல்ல உக்காந்துக்கிட்டு கடல் உயிரியப் பத்திப் பேசறேன்னு சிரிக்காதீங்க, கடைசியில நம்ம ஊருக்கே வந்துருவேன்.

இன்னைக்கு கோபிபாடுகள். கிரேக்கத்துல 'துடுப்புக் கால்'னு அர்த்தம். இறால், நண்டுக்குச் சொந்தக்காரங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கடல்ல மிதவை உயிரி வலைய இழுத்தா வர்ற விலங்குகள்ல பொதுவா இதுங்கதான் அதிகம். மீன் குஞ்சுகளுக்கு முக்கியமான சாப்பாடு.

அதுல ஒரே ஒரு குடும்பத்த எடுத்துக்குவோம்: பாண்டெல்லிடே. கடலோட மேல்பரப்புலயே திரியும், பல இனங்கள் நல்ல நீல நிறம். மீன் துரத்துனா தண்ணிக்கு வெளியவே எகிறிக் குதிக்கும். 2012-ல வந்த ஒரு ஆய்வு அதைப் படம்பிடிச்சே காட்டுச்சு.

சரி, கையில ஒண்ணு கிடைக்குது. பேர் எப்படிச் சொல்றது? எல். ஆர். கஸ்தூரிரங்கன் 1963-ல இந்தியக் கரையோரக் கோபிபாடுகளுக்கு ஒரு அடையாளக் கையேடு எழுதுனார். சிஎஸ்ஐஆர் வெளியீடு. அந்த மாதிரிக் கையேட்ட முதல் தடவ படிச்சப்ப எனக்கு யாரோ எழுதுன கோடை ரிவ்யூ பண்ற மாதிரியே இருந்துச்சு. முழுக்க இஃப்-எல்ஸ். தலைக்கு மேல லென்ஸ் இருக்கா? இல்லைன்னா கலானோபியாவா இருக்கலாம். ஒரு ஜோடி இருக்கு, ஆனா மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற ரோஸ்ட்ரத்துல லென்ஸ் இல்லையா? லாபிடோசெரா. அங்கயும் தடிப்பா ஒண்ணு இருந்தா பாண்டெல்லா. இன்னும் சில பேரினங்கள் இருக்கு, விட்டுடறேன்.

இதுவரைக்கும் சுலபம். இனத்தோட பேருக்குப் போனாத்தான் சிக்கல். அங்க முடிவு பண்றது அஞ்சாவது ஜோடிக் கால். ஆணுக்கு வலது கொம்பு மடங்கும், வலது அஞ்சாவது கால் இடுக்கி மாதிரி இருக்கும். பெண்ணப் பிடிச்சுக்கறதுக்குத்தான் இதெல்லாம். அந்த இடுக்கி இனத்துக்கு இனம் மாறும். பெண்ணோட காலோ முழுக்க வேற அமைப்பு. அதனால ஒரே இனத்துக்கு ரெண்டு தனித்தனி ஃபங்ஷன். ஊசி வச்சு அந்தக் காலைப் பிரிச்செடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கணும்.

குஞ்சா இருந்தா? முட்டையிலிருந்து வந்ததும் ஆறு நாப்ளியஸ் நிலை, அப்புறம் அஞ்சு கோபிபோடைட் நிலை, அதுக்கப்புறம்தான் பெருசாகும். அதுவரைக்கும் அஞ்சாவது கால் முழுசா உருவாகாது. கையேடோ வளந்ததுக்கு எழுதுனது. இன்னொரு ஆபத்தும் இருக்குங்க: பட்டியல்ல இல்லாத இனம் வந்தாலும் அது எரர் காட்டாது. பக்கத்துல இருக்கற ஏதோ ஒரு பேரைத் தைரியமா குடுத்துரும்.

"போட்டோ எடுத்து ஏஐ கிட்ட குடுத்தாப் போதாதா ப்ரோ?"ன்னு கேப்பீங்க. நானும் ஒரு வாரக்கடைசி முயற்சி பண்ணேன். மேலிருந்து எடுத்த படங்கள். என் மாடல் ஒரே இனத்தோட ஆணையும் பெண்ணையும் ரெண்டு இனம்னு அழகாப் பிரிச்சுக் குடுத்துச்சு. பிரிக்க வேண்டிய கால் உடம்புக்கு அடியில மடங்கி இருக்கு, படத்துலயே இல்ல. மாடல் மேல தப்பில்ல.

டிஎன்ஏ பாக்கலாம், நிறைய உதவுது. ஒரே மாதிரி தெரியற ரெண்டு இனத்தப் பிரிச்சுக் காட்டும். ஆனா ஒப்பிட்டுப் பாக்கற அந்த டேட்டாபேஸ்ல முதல்ல பேர் வச்சது யாரு? எங்கயோ ஒருத்தர் காலைப் பாத்து வச்ச பேருதான். அவரு தப்பா வச்சிருந்தா, அதுக்கப்புறம் வர்ற எல்லா மேட்ச்சும் தப்பு.

இந்த வேலைய செஞ்சவங்க நம்ம நாட்டுல நிறைய. சீமோர் செவெல் இந்தியக் கடல் கோபிபாடுகளப் பத்தி 1929-லயும் 1932-லயும் பெரிய தொகுப்பு வெளியிட்டார். 1960-கள்ல சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்கள்ல சேகரிச்ச மாதிரிகள, கொச்சியில உக்காந்து ஆட்கள் கையாலயே தரம் பிரிச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணா.

இப்ப நம்ம ஊரு. நன்னீர்லயும் இதே வரிசையச் சேர்ந்த டயாப்டோமிடேன்னு ஒரு குடும்பம் இருக்கு. ஆணுக்கு அதே மடங்கற வலது கொம்பு, அதே அஞ்சாவது கால் வித்தியாசம். மேட்டூர்ல இருந்து ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சு வந்திருக்கேன். அடுத்த எபிசோட்ல பிரிச்சுப் பாக்கலாம்.